பூட்டு பாயும் ரவுட்டர் ஓட்டையும்

வாணியம்பாடியில் தொடங்கி ராணிப்பேட்டை வரைக்கும் உள்ள அத்தனை தோல் தொழிற்சாலைகளுக்கும் போடுகிற பூட்டுகளை ஓர் இடத்தில் கொட்டினாலும், எங்கள் தெரு பூட்டு பாய் வீட்டில் தொங்கிய பூட்டுகளுக்கு ஈடாகாது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் நான் கதை விடுகிறேன் என்பார்கள். ஆம்பூரில் எங்கள் தெருவாசிகள் கேட்டால், சமையலறைப் பூட்டுகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன் என்பார்கள்.

அவருடைய உண்மைப் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கூரியர்காரர்கள்கூட பார்சலில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, "பூட்டு பாய் வீடு எது?" என்று கேட்டுத்தான் வருவார்கள். நான் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்துகிறவன். பாய் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அதனால் மற்றவர்கள் கேள்விப்பட்டதை எல்லாம் நான் நேரில் பார்த்தேன்.

அவருடைய ஸ்கூட்டருக்கு ஹேண்டில் பூட்டு உண்டு, சக்கரத்துக்குச் சங்கிலி உண்டு, அந்தச் சங்கிலியைத் தென்னை மரத்தோடு சேர்த்து இன்னொரு பூட்டு உண்டு. எல்லாவற்றையும் திறந்து வண்டியை வெளியே எடுப்பதற்குள் போக வேண்டிய இடத்துக்கு நடந்தே போய்த் திரும்பிவிடலாம். குளியலறை வாளி குழாயோடு கட்டப்பட்டிருக்கும். ஊறுகாய் ஜாடிக்குப் பூட்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் இடது செருப்பை ஒரு வாசலிலும் வலது செருப்பை மறு வாசலிலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது அவர் வாதம். ஒரு முறை மழை பிடித்துக்கொண்டபோது, ஒரு காலில் செருப்போடு பள்ளிவாசலைச் சுற்றி ஓடி மறுவாசலை அடைந்தார். நனைந்ததைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. செருப்பு இரண்டும் இருந்ததுதான் பெரிது.

இந்த யோசனை செருப்போடு நிற்கவில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய சம்பவம். ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு அவர் மேனேஜராக இருந்தார். துறைமுகத்துக்குப் போகிற வழியில் அட்டைப்பெட்டிகள் காணாமல் போவதாக ஒரு பேச்சு வந்தது. பாய் யோசித்தார். இடது கால் ஷூக்களை ஒரு கன்டெய்னரிலும் வலது கால் ஷூக்களை வேறொரு கன்டெய்னரிலும் ஏற்றி அனுப்பினார். இடது கால்கள் குறித்த தேதியில் போய்ச் சேர்ந்தன. வலது கால்கள் எப்படியோ கப்பல் மாறி, வேறொரு தேசத்தின் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காற்று வாங்கின. வாங்க வேண்டிய வெள்ளைக்காரர் போனில் என்ன பேசினார் என்பதை முதலாளி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பாய்க்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வயதாவதற்கு முன்பே மிகுந்த மரியாதையோடு ஓய்வு கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையை பாய் வெட்கப்பட்டுச் சொன்னதே இல்லை. முடிக்கும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்துவார்.

"ஒரு ஜோடி கூட திருடு போகல சார். அத எவனும் சொல்ல மாட்டேன்றான்."

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் இன்டர்நெட் வந்தால் என்ன ஆகும்? கேபிள் முரளி வந்து ரவுட்டரை மாட்டிவிட்டுப் போன அன்றே பாய் இரும்புக்கடைக்குப் போய் ஒரு பெட்டி அடித்து வாங்கி வந்தார். ரவுட்டரை அதற்குள் வைத்துப் பூட்டினார். அதோடு நெட்டும் நின்றுபோனது. இரும்பைத் தாண்டி அலை வராது என்று நான் சொன்னதும், முரளி சொன்னதும், பாய் வீட்டம்மா சொன்னதும் பலிக்கவில்லை. இரண்டு நாள் பெட்டியின் மேலேயே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு பெட்டியின் முன்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை போட்டு, அதற்குக் கம்பி வலை வைத்தார். நெட் ஏதோ கொஞ்சம் வந்தது. அந்த ஓட்டைக்கு எதிரே ஒரு நாற்காலி மட்டும் போட இடம் இருந்தது. வீட்டில் யாருக்கு நெட் வேண்டுமென்றாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும்.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் மோசம். பெங்களூரில் இருக்கும் மகளும் மருமகனும் வந்தால், மகளுக்குப் பாஸ்வேர்டின் முன்பாதியைச் சொல்வார். மருமகனைத் தனியாக அழைத்துப் பின்பாதியைச் சொல்வார். ஒரு பக்ரீத்துக்கு அவர்கள் இருவரும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு, முகம் பார்க்காமல் வந்து இறங்கினார்கள். மதியம் வரை தாங்கினார்கள். அதற்குமேல் நெட் இல்லாமல் இருக்க முடியாமல் மருமகன் மனைவியிடம் போய்ப் பேசினான். பாய் வீட்டம்மாவை நாங்கள் எல்லோரும் பாபி என்றுதான் கூப்பிடுவோம். தன் கணவர் போட்ட பூட்டுகளிலேயே உருப்படியான ஒன்று அதுதான் என்று பாபி பிறகு சொன்னார்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கல்பனாவுக்கு அந்தச் சங்கடம் வந்தது.

கல்பனாவின் கணவர் செல்வம் ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்தார். கல்பனா வீட்டிலிருந்தபடியே, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களுக்குக் குறியீடு போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். கம்பெனி சென்னையில். லேப்டாப் கம்பெனியுடையது. குழந்தை தூங்கும் நேரத்திலும் பள்ளிக்கூடம் போன நேரத்திலும் படித்து, பரீட்சை எழுதி, அவளாகப் பிடித்த வேலை அது. மாமியார் வீட்டில் அந்த வேலைக்குப் பிறகுதான் அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே போக முடியவில்லை. சற்று நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவள் வீட்டு இன்டர்நெட் முகவரியிலிருந்து யாரோ கம்பெனியின் சர்வருக்குள் நுழையத் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறார்கள். நோயாளிகளின் விவரம் இருக்கிற இடம் என்பதால் இதைச் சும்மா விட முடியாது. திங்கட்கிழமை வீடியோவில் விசாரணை இருக்கும், அதுவரை வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

தெருவில் செய்தி பரவுவதற்கு நெட் தேவையில்லை. கல்பனா ஏதோ கம்பெனி ரகசியத்தை விற்றுவிட்டாள் என்று முனைவீட்டில் பேசினார்கள். போலீஸ் வரும் என்று அடுத்த வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். கல்பனா வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். செல்வம் ஷிப்டுக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பாய் படியேறி என் அறைக்கு வந்தார். 

"சார், தெருவுல திருட்டு நடந்திருக்கு."

"இன்னா போச்சு பாய்?"

"ஒண்ணும் போகல சார். அதான் பேஜாரா இருக்கு. ஒண்ணும் போகாம இன்னா திருட்டு?"

இருவரும் கல்பனா வீட்டுக்குப் போனோம். கம்பெனியின் டெக்னிக்கல் பிரிவில் இருந்த தம்பி ஒருவன் நல்லவன். அவள்மேல் தப்பிருக்காது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. தன் சொந்த போனிலிருந்து பேசினான். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னான். நான் மாடல் எண்ணைப் படித்தேன். அவன் அதைத் தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான்.

பிறகு நிதானமாகச் சொன்னான். ரவுட்டர் என்பதும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். அதை ஓட்டுவதற்கு உள்ளே ஒரு புரோகிராம் இருக்கிறது. ஃபர்ம்வேர் என்பது அதற்குப் பெயர். இந்த மாடலின் ஃபர்ம்வேரில் மோசமான ஓர் ஓட்டை இருப்பதைச் சமீபத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கோ இருக்கிற ஒருவன் பாஸ்வேர்டே இல்லாமல் அதற்குள் நுழையலாம். நுழைந்தவன் அந்த வீட்டிலிருந்து எதையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. அந்த வீட்டுப் பெயரில் வேறு இடங்களைத் தாக்கலாம். தயாரித்த கம்பெனி புது ஃபர்ம்வேர் கொடுத்துவிட்டது. போடுகிறவர்தான் இல்லை.

பாய் போனுக்கு வெகு அருகில் குனிந்தார்.

"தம்பி, பாஸ்வேர்டு இல்லாமலேயே வர்றான்னா, அப்ப பாஸ்வேர்டு எதுக்கு?"

பாஸ்வேர்டும் வேண்டும், ஃபர்ம்வேரும் வேண்டும் என்றான் தம்பி. வாசலில் எத்தனை பூட்டு போட்டாலும், பின்சுவர் இடிந்திருந்தால் அதைக் கட்டித்தானே ஆக வேண்டும் என்று கேட்டான். பாய் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷமாக வாசலைக் காவல் காத்தவருக்கு, பின்சுவர் என்று ஒன்று இருக்கிற செய்தி அப்போதுதான் வந்து சேர்ந்தது மாதிரி இருந்தது.

அதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. கல்பனாவின் ரவுட்டரை மட்டும் சரிசெய்தால் போதாது. எங்கள் கேபிள் கம்பெனி தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே முகவரியில்தான் வெளியே இணைப்புக் கொடுத்திருக்கிறது என்று தம்பி கண்டுபிடித்துச் சொன்னான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எங்கள் தெருவே ஒரு வீடு. தெருவில் ஏறக்குறைய எல்லோரிடமும் முரளி மாட்டிய அதே மாடல் பெட்டிதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். ஒரு வீட்டில் மிச்சம் இருந்தாலும் பழி கல்பனா மேல்தான் விழும், அந்த முகவரியிலிருந்து அந்தக் கம்பெனிக்கு வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதால்.

பாய் எழுந்து வேட்டியை, மன்னிக்கவும், லுங்கியை இறுக்கிக் கட்டினார்.

முதலில் கேபிள் முரளியைப் பிடித்தோம். முரளி நல்ல பையன்தான், வேலையை விரும்பாதவன், அவ்வளவுதான். நெட் வருகிறது, பிறகு எதற்கு அதைக் கிளற வேண்டும் என்றான். புது ஃபர்ம்வேர் ஏற்றும்போது பெட்டி செத்துப்போனால் தெரு முழுக்க தன் கழுத்தைப் பிடிக்கும் என்றான். வேறு தெருவில் கம்பம் ஏற வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கை நோக்கி நடந்தான். பைக்கின் பின்சக்கரத்தில் பாய் வீட்டுச் சங்கிலி சுற்றியிருந்தது. அதில் தொங்கிய பூட்டு, எங்கள் ஊர்க் கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரியது.

"இன்னா பாய் இது?"

"பாதுகாப்பு தம்பி. வண்டி வெளிய நிக்குது, காலம் கெட்டு கெடக்கு."

முரளி என்னைப் பார்த்தான். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். கடைசியில் முரளி இறங்கி வந்து, ரவுட்டருக்குள் போவதற்கான அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொன்னான். பெயர், அட்மின். பாஸ்வேர்டும் அட்மின். தெரு முழுக்க அதேதான். வேறு தெருக்களிலும் அதுதானா என்று பாய் கேட்டார். முரளி சாவிக்குக் கை நீட்டினான். பாய் சாவியைக் கொடுத்துவிட்டு, பாபியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

சனிக்கிழமையும் ஞாயிறும் வீடு வீடாகப் போனோம். என் லேப்டாப், ஒரு வயர், பாயின் சாவிக்கொத்து. சாவிக்கொத்துக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனால் அது இடுப்பில் இல்லாவிட்டால் அவருக்கு நடை வராது. டெக்னிக்கல் தம்பி செய்ய வேண்டியதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருந்தான். தயாரித்த கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் ஃபைலை இறக்க வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஏற்றும்போது கரண்ட் போகவே கூடாது. முடிந்ததும் ரவுட்டரில் பழைய செட்டிங்கை எல்லாம் அழித்து, புது அட்மின் பாஸ்வேர்டு வைத்து, வெளியிலிருந்து அதை இயக்குகிற வசதியை மூடிவிட வேண்டும்.

கரண்ட் போகக் கூடாது என்ற ஒரு வரி பாய்க்குப் போதுமானதாக இருந்தது. நாங்கள் நுழைந்த வீட்டிலெல்லாம் முதல் காரியமாக மீட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் ஸ்விட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, வேலை முடிகிறவரை சிலை மாதிரி நின்றார். அந்த வீட்டு அம்மா மிக்சி போட வந்தார். பாய் கண்களை மூடித் தலையை மட்டும் அசைத்தார். அந்த அம்மா தேங்காயோடு திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் ரவுட்டர்கள் எப்படியெல்லாம் வாழ்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வீட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அழியாமல், பூச்சரம் காய்ந்து தொங்க, சாமி அலமாரியில் இருந்தது. ஒரு வீட்டில் வெங்காயக் கூடைக்குள் கிடந்தது. ஒரு வீட்டில் தூசி படக் கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது. பிரியாணி மாஸ்டர் வீட்டில் மசாலா டப்பாக்களுக்கு நடுவே இருந்ததால், ஸ்டிக்கரைப் படிக்க முதலில் அதைச் சோப்புத் துணியால் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்துப் பார்த்தால் அது ரொம்பப் பழைய மாடல். அதற்கு இனி புது ஃபர்ம்வேரே வராது, தூக்கிப் போட வேண்டியதுதான் என்றான் தம்பி. மாஸ்டருக்கு மனசு வரவில்லை. விளக்கு எரிகிறதே என்றார். பாய் அவரைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த மாஸ்டர் தானே ரவுட்டரைக் கழற்றிக் கொடுத்தார். கெட்டுப்போன கறியையும் அடுப்பில் வைத்தால் கொதிக்கத்தான் செய்யும், அதற்காகப் பரிமாறுவீர்களா என்று பாய் கேட்டாராம். முரளி முனகிக்கொண்டே வேறு பெட்டி கொண்டுவந்து மாட்டினான்.

கல்பனா மேல் கதை கட்டிய முனைவீட்டில் கொஞ்சம் தகராறு. தங்கள் வீட்டுப் பெட்டிக்கு எந்த நோயும் இல்லை, அவள் செய்ததை மறைக்க ஊரை இழுக்கிறாள் என்றார்கள். பாய் வாக்குவாதம் செய்யவில்லை. அவர்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏன் பாய் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்க, ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, இந்த வீட்டில் திருடன் இருக்கிறான், வெளியே வரட்டும் என்று காத்திருக்கிறேன் என்று பதில் சொன்னார். டீ ஆறுவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஞாயிறு சாயங்காலம் எல்லா வீடும் முடிந்தது. கல்பனா வீட்டில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டோம். அவன் பார்த்துவிட்டுச் சொன்னான். பெரும்பாலும் நின்றுவிட்டது, ஆனால் முழுக்க நிற்கவில்லை. இன்னும் ஏதோ ஒரு பெட்டி பாக்கி இருக்கிறது.

நாங்கள் வீடுகளை விரல் விட்டு எண்ணினோம். எதுவும் விடுபடவில்லை. செல்வம் மறுபடி எண்ணினார். கல்பனா அதுவரை அதிகம் பேசாமல் இருந்தவள், ரொம்பத் தயக்கத்தோடு கேட்டாள்.

"பாய், உங்க வூட்டு பெட்டி?"

"அது பூட்டி இருக்கும்மா" என்றார் பாய்.

 தான் சொன்னது அவர் காதிலேயே விழுவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு எழுந்தார். நான் கூடப் போனேன். நாற்காலியை நகர்த்திவிட்டு, இரும்புப் பெட்டியின் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். வழக்கமாகச் சாவியைப் பார்க்காமலே திறக்கிறவர், அன்று ஒவ்வொரு சாவியையும் பார்த்துப் பார்த்துப் போட்டார். உள்ளே ரவுட்டர் பச்சை விளக்கோடு அமைதியாக மின்னிக்கொண்டிருந்தது.

"இத்தன நாளா இதுக்குள்ளயும் ஒக்காந்திருந்தானா சார்?"

எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன். அவர் ரவுட்டரை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். புது ஃபர்ம்வேர் ஏறி முடிகிறவரை அதன் பக்கத்திலிருந்து நகரவில்லை. மீட்டர் பெட்டியைப் பூட்டவும் மறந்துவிட்டார். பாபிதான் போய் ஸ்விட்ச் பக்கம் நின்றார்.

திங்கட்கிழமை விசாரணைக்குக் கல்பனாவின் லேப்டாப் வேலை செய்யாது என்பதால் என் லேப்டாப்பை அவள் வீட்டு முன்னறையில் வைத்தோம். திரையில் மேனேஜர் அம்மா, நிர்வாகப் பிரிவிலிருந்து ஒருவர், ஓரமாக நம் தம்பி. கல்பனா ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. லேப்டாப்பை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா, பாஸ்வேர்டை யாரிடமாவது சொன்னீர்களா என்று நிர்வாகப் பிரிவுக்காரர் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனார். அவள் இல்லை என்றாள். எந்தப் புது விதமாகக் கேட்டாலும் அதே இல்லைதான். அவர் நம்பாததுபோல எதையோ குறித்துக்கொண்டார். தம்பி தெரு விஷயத்தை விளக்கினான். அப்படியானால் எந்த வீடு என்று அவர் கேட்டார். தம்பியால் சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்லவும் வழியில்லை. மறுபடி கேள்விகள் கல்பனா பக்கம் திரும்பின. 

அப்போது, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாய் உள்ளே வந்தார். ஏற்றுமதிக் காலத்துக் கோட்டுப் போட்டிருந்தார். டை கட்டியிருந்தார். தலை படிய வாரியிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துக் கல்பனாவுக்கு அருகில் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்து, பழைய வெள்ளைக்காரர்களோடு பேசிய அதே ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னார். நீங்கள் யார் என்று மேனேஜர் அம்மா தமிழிலேயே கேட்டார்.

"எதிர்வூட்டுக்காரன் மேடம். நீங்க தேடற வூடு எதுன்னு கேட்டீங்களே, அது என் வூடு. இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. என் பெட்டிலேருந்துதான் போயிருக்கு. எழுதிக்குங்க."

நிர்வாகப் பிரிவுக்காரர் பேனாவை நிறுத்தினார். பாய் சாட்சியாக அந்த இரும்புப் பெட்டியையே கொண்டுவந்திருந்தார். அதைத் தூக்கி கேமராவுக்குக் காட்ட எழுந்து நின்றார். கோட்டுக்கும் டைக்கும் கீழே கட்டம் போட்ட லுங்கி சென்னை வரைக்கும் தெரிந்தது. மேனேஜர் அம்மா கையால் வாயை மூடிக்கொண்டார். தம்பி கேமராவை அணைத்துவிட்டான். பாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பி, முன்பக்கத்துக் கம்பி வலை, பூட்டு மாட்டும் வளையம், கீல் எல்லாவற்றையும் காட்டி, இவ்வளவு செய்தும் தனக்கு ஃபர்ம்வேர் போடத் தெரியவில்லை என்பதைச் சரக்குக்கு விளக்கம் கொடுப்பதுபோலச் சொல்லி முடித்தார். இப்போது தெருவில் எல்லா வீட்டிலும் புதுசு ஏற்றியாகிவிட்டது, வேண்டுமானால் வந்து பார்க்கலாம், வந்தால் மதியச் சாப்பாடு தன் வீட்டில் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நேற்று ராத்திரி முதல் அந்த முகவரியிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை என்று தம்பி உறுதி சொன்னான். சாயங்காலத்துக்குள் கல்பனாவின் லேப்டாப் திறந்தது. அத்தனை நாளும் கண் கலங்காமல் இருந்தவள், அந்தச் சின்ன சத்தத்தோடு திரை விரிந்ததும் அழுதாள். அழுதுகொண்டே முதல் பில்லுக்குக் குறியீடு போட்டாள். செல்வம் பக்கத்தில் நின்று அவள் கீபோர்டில் தண்ணீர் விழாமல் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று படியேறும்போது பாயைக் கேட்டேன். உங்கள் பெட்டிதான் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்கள்?

"நிச்சயம் எங்க சார்? யாராவது ஒருத்தர் நான்தான்னு சொன்னாதானே அந்த ஆளு கேக்கறத நிறுத்துவாரு" என்றார். பிறகு, தன் பெட்டியாக இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறது என்றேன். கொஞ்சம் தெம்பாகப் படி இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாளி கட்டப்பட்டேதான் இருந்தது. ஆனால் ஃபர்ம்வேர் என்ற சொல் அவர் நாக்கில் ஏறிக்கொண்டது. மாதம் ஒரு முறை வீடு வீடாக வந்து, புதுசு ஏதாவது வந்திருக்கிறதா பார்த்தாயா என்று விசாரிப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன இடத்தில், ஊசி போட வந்த நர்ஸிடம் கேட்டார். முரளி அவரைக் கண்டால் கம்பத்திலிருந்து இறங்குவதை நிறுத்திவிட்டான். நாளாக ஆக, நாங்களே கற்றுக்கொண்டோம். கல்பனா தெரு முழுவதற்கும் பார்த்துச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்துவிட்டாள். பாய் கேட்பதற்கு முன்பே எல்லா வீட்டிலும் புதுசு ஏறியிருக்கும்.

போன வருஷம் பாபிக்கு முட்டிவலி அதிகமாகி, மகள் வந்து இருவரையும் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டாள். அபார்ட்மென்ட்டில் வாசலிலேயே காவலாளி இருக்கிறாராம், கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறதாம், தனக்கு ஒரு வேலையும் இல்லை என்று பாய் வருத்தப்பட்டார். கீழ்வீடு காலியாகக் கிடக்கிறது. தெருவில் வண்டிகள் ஒற்றைப் பூட்டோடு நிற்கின்றன.

போன வாரம் அவரிடமிருந்து போன். ரவுட்டரில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள், செய்தியில் வந்தது, பார்த்தீர்களா சார் என்றார். கல்பனா சொல்லி, மூன்று நாளைக்கு முன்பே எல்லோரும் மாற்றிவிட்டிருந்தோம். இல்லை பாய், நீங்கள் சொல்லித்தான் தெரியும் என்றேன். ஸ்டிக்கரில் தொடங்கி கரண்ட் போகக் கூடாது என்பது வரை எல்லாவற்றையும் சொன்னார். நான் ஒன்றுவிடாமல் உம் கொட்டினேன்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அவர் கல்பனாவுக்கும் போன் செய்திருக்கிறார். பிரியாணி மாஸ்டருக்கும், முனைவீட்டுக்கும், முரளிக்கும் செய்திருக்கிறார். ஒருவர்கூட மாற்றியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஒரு தெரு முழுக்க இப்படி அசட்டையாக இருந்தால் எப்படி என்று பாய் கொதித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஆம்பூர் வருகிறாராம்.

ஸ்டேஷனுக்கு யார் போவது என்பதில்தான் தெருவில் இப்போது சண்டை.